கேக் அலங்காரம்: புதிதாகப் பயில்வோருக்கு ஒரு பாடம்

பிறந்த நாளில் கேக் வெட்டும் வழக்கம் இன்று நகரங்களோடு நின்றுவிடவில்லை. சிற்றூர்களிலும் குழந்தையின் முதலாண்டு நிறைவு, பள்ளி விழா, கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகிய நாட்களில் அது இடம்பெறுகிறது. ஆயினும் அதனைப் பெரும்பாலும் நகரத்துக் கடையிலிருந்தே வாங்கி வருகிறோம். வெயிலில் நெடுந்தூரம் வரும் கேக்கின் பூச்சு உருகிச் சரிந்து, வீடு வந்து சேரும்போது எழுதிய பெயரே அழிந்திருப்பதும் உண்டு. கிராமத்துப் பணமும் வெளியே செல்கிறது. வாங்கிய பொருளும் நல்ல நிலையில் கிடைப்பதில்லை.

கேக் செய்யக் கற்ற பெண்கள் கிராமங்களிலும் உள்ளனர். அவர்களுள் பலர், அலங்காரம் தமக்கு வராது என்று தயங்கி நின்றுவிடுகின்றனர். இத்தயக்கம் வேண்டியதில்லை. புள்ளி வைத்துக் கோலமிடும் கைக்கு இடைவெளி தெரியும். முறுக்குப் பிழியும் கைக்கு அழுத்தத்தின் அளவு தெரியும். இத்தொழிலுக்கு வேண்டிய கைப்பழக்கம் இவ்விரண்டுமே. புதிதாகக் கற்க வேண்டியவை மூன்று: பூச்சின் பதம், வெப்பத்தினின்று அதைக் காத்தல், உண்பவருக்குத் தீங்கு நேராத வண்ணம் செய்தல்.

கருவிகள்

சுழல்மேடை ஒன்று, நீண்ட தட்டைக் கத்தி ஒன்று, பிழியும் பை ஒன்று, நாசில் எனப்படும் உலோக முனைகள் இரண்டு ஆகியவை தொடக்கத்தில் போதும். முனைகளுள் ஒன்று சிறிய வட்டத் துளையுடையதாகவும், மற்றொன்று நட்சத்திரத் துளையுடையதாகவும் இருத்தல் வேண்டும். இலை முனை, இதழ் முனை முதலியவற்றைக் கை பழகிய பின் வாங்கலாம். பை கிடைக்காவிடின், எண்ணெய் ஊறாத பட்டர் பேப்பரை முக்கோணமாக வெட்டி, மருதாணிக் கூம்பைப் போலச் சுருட்டிக்கொள்ளலாம்.

பூச்சின் பதம்

7 அங்குல விட்டமுள்ள வட்டக் கேக் ஒன்றுக்கு உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், பொடித்த சர்க்கரை 400 கிராம், காய்ச்சி ஆறிய பால் 1 அல்லது 2 மேஜைக்கரண்டி தேவை. சர்க்கரையை வீட்டில் அரைப்போர் சிறிதளவு சோளமாவு சேர்த்து நைய அரைத்து, மெல்லிய துணியில் வஸ்திரகாயம் செய்துகொள்ள வேண்டும். குருணை இருப்பின் முனை அடைபடும். வீட்டில் கடைந்த வெண்ணெயானால், குளிர்ந்த நீரில் பலமுறை பிசைந்து கழுவி, மோரையும் நீரையும் முற்றும் பிழிந்தெடுத்தல் அவசியம். மோர் தங்கிய வெண்ணெயில் செய்த பூச்சு இளகும், விரைவில் புளிக்கும்.

வெண்ணெயை அதன் நிறம் வெளுக்கும்வரை நன்றாக அடித்து, சர்க்கரையை மூன்று பங்காகச் சேர்க்கவும். பின்னர்ப் பாலைச் சிறிது சிறிதாக விடவும். கரண்டியால் எடுத்துக் கவிழ்த்துப் பார்க்கையில் கூர்மையாய் நின்று விழாதிருப்பின் அது பூப் பிழியும் பதம். கேக்கின்மேல் தடவுவதற்குச் சற்று இளக்கமாகவும், எழுதுவதற்கு அதனினும் இளக்கமாகவும் இருக்க வேண்டும். இளக்கப் பால் சில துளிகளும், இறுக்கச் சர்க்கரை ஒரு கரண்டியும் போதும்.

வெப்பம்

வெண்ணெய் ஏறத்தாழ 32 முதல் 35 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகிவிடும். நமது கோடைப் பகல் இதனை எளிதில் கடக்கிறது. ஆதலால் அலங்கார வேலையை விடியற்காலையிலோ, இரவிலோ செய்தல் நலம். உள்ளங்கைச் சூடும் பூச்சை இளக்கும். ஆகவே பையைப் பாதிக்குமேல் நிரப்பலாகாது. இளகிய பையைப் பத்து நிமிடம் குளிர்பெட்டியில் வைத்தெடுத்தால் பதம் திரும்பும். கடைகளில் விற்கும் விப்பிங் கிரீம் பஞ்சுபோல் இருப்பினும், இடையறாத குளிர்ச்சியை வேண்டுவது. மின்சாரம் தடைப்படும் ஊர்களில் புதிதாகப் பயில்வோர் அதனைத் தொடாதிருத்தல் நன்று.

பூசும் முறை

கேக் முழுவதும் ஆறிய பின்னரே பூச்சுத் தொடங்க வேண்டும். மேற்புறம் குவிந்திருப்பின் பற்கத்தியால் சமமாக அறுத்துவிடவும். முதலில் மிக மெல்லிய பூச்சு ஒன்றைத் தடவி, 20 முதல் 30 நிமிடம் குளிர்பெட்டியில் வைக்கவும். உதிரும் தூள்களெல்லாம் இப்பூச்சில் ஒட்டி நின்றுவிடும். அதன்மேல் இரண்டாம் பூச்சைத் தடித்துப் பூசினால் தூசி தெரியாது. கத்தியை அசையாமல் பிடித்துக்கொண்டு மேடையைச் சுழற்றுவதே முறை. கடைசியில் கத்தியை வெந்நீரில் தோய்த்துத் துடைத்து ஒருமுறை இழுத்தால் பரப்பு வழவழப்பாகும்.

பிழியும் முறை

முதற்பயிற்சியைக் கவிழ்த்த தட்டின்மேல் செய்க. வேகவைத்துக் கட்டியின்றி மசித்த உருளைக்கிழங்கைக் கொண்டு பழகினால் வெண்ணெய் வீணாகாது. அழுத்துதல், நிறுத்துதல், தூக்குதல் என்னும் மூன்று செயல்களும் இவ்வரிசையிலேயே நிகழ வேண்டும். அழுத்தத்தை நிறுத்துமுன் தூக்கினால் வால் நீளும்.

நட்சத்திரமும் புள்ளியும் இடுகையில் பையைச் செங்குத்தாகப் பிடிக்கவும். ஓரத்துச் சிப்பி வரிசைக்குப் பையை 45 டிகிரி சாய்த்து, அழுத்திப் பருக்கவிட்டுப் பின் இழுத்து மெலியச் செய்க. அடுத்த சிப்பி முந்தியதன் வாலின்மேல் தொடங்கும். நட்சத்திர முனையால் நடுவில் தொடங்கி ஒரு சுற்றுச் சுற்றினால் ரோஜா வடிவம் அமையும்.

பெயர் எழுதுமுன் எழுத்துகளை எண்ணி, பல்குத்தும் குச்சியால் இலேசாகக் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழெழுத்தில் சுழியும் வளைவும் மிகுதி. எழுத்தைச் சிறிதாக்கினால் ணகரத்தின் சுழிகள் ஒட்டிக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளிகளை இறுதியில் இடுக.

வர்ணத்தில் எச்சரிக்கை

கண்ணைக் கவரும் நிறத்துக்காகக் குழந்தைகளின் உடல்நலத்தைப் பணயம் வைத்தலாகாது. துணிக்குச் சாயமேற்றும் ரோடமின்-பி என்னும் பொருள் பஞ்சுமிட்டாயில் கலந்திருப்பது ஆய்வில் தெரிந்தமையால், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. கேக்குக்கும் இப்பாடம் பொருந்தும். உணவு வர்ணம் என்றும், உரிம எண்ணும் அச்சிட்ட உறை இல்லாத பொடியை வாங்கவே கூடாது. நல்ல வர்ணமும் ஊசிமுனையளவே போதும். பீட்ரூட் சாற்றைக் கெட்டியாக வற்றவைத்துச் சேர்த்தால் இளஞ்சிவப்பும், சிட்டிகை மஞ்சள்தூளால் மஞ்சளும் கிடைக்கும்.

தோட்டத்து மலரைக் கேக்கின்மேல் வைப்போர் உளர். அரளி முழுதும் நஞ்சு. அதனை அருகிலும் கொண்டுவரலாகாது. பூச்சிமருந்து தெளித்த ரோஜாவும் ஆகாது. பச்சை முட்டை வெண்கருவில் செய்யும் பூச்சையும், குண்டூசி, கம்பி முதலியவற்றையும் விலக்குக.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

மகளிர் சுய உதவிக் குழுவினர் ஒரு சுழல்மேடையும் ஒரு தொகுதி முனைகளும் பொதுவில் வாங்கிக்கொண்டால் தனித்தனிச் செலவு குறையும். வாரம் இரு மாலைகள் பயிற்சி நடத்தப் பொதுக் கட்டடத்தில், குடிநீரும் விளக்கும் உள்ள அறையொன்றை ஊராட்சி ஒதுக்கித் தரலாம். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பேக்கரி வகுப்பு உண்டா என்று அங்கத்தினர்கள் விசாரித்துச் சொல்லலாம். விற்பனை செய்ய எண்ணுவோர், சிறு அளவினராயினும், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006-இன்படி பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும்.

விலை குறிக்கும்போது வெண்ணெய், சர்க்கரை, எரிபொருள் ஆகியவற்றோடு செய்பவரின் உழைப்பு நேரத்தையும் கணக்கில் எழுத வேண்டும். வீட்டு வேலைதானே என்று அதனை விட்டுவிடுவதால் நட்டம் அடைந்த குழுக்கள் உண்டு. முதல் கேக் கோணலாக வரலாம்; அதனை வீட்டார் உண்ணட்டும். கை தேறிய பின், நம் ஊர்க் குழந்தையின் பிறந்த நாளுக்கு நம் ஊரிலேயே நல்ல கேக் கிடைக்கும்படி செய்யலாம். இம்முயற்சிக்கு அங்கத்தினர்கள் ஆதரவளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.