சீருடையும் சட்டமும்

இராணுவ வழக்கறிஞர் என்பவர் படைவீரரா, சட்ட அறிஞரா? அரசியல் அறிவியல் வகுப்பில் அதிகாரப் பிரிவினை பற்றிப் பயின்றபோது என்னுள் எழுந்த வினா இது. மேலதிகாரியின் ஆணைக்குக் கீழ்ப்படிவது படைவீரரின் கடமை. தம் கட்சிக்காரரின் உரிமையைக் காப்பது வழக்கறிஞரின் கடமை. இவ்விரண்டும் மோதும்போது எதன் பக்கம் நிற்பது? அமெரிக்கக் கடற்படை அதிகாரி சார்லஸ் சுவிஃப்ட்டின் வாழ்க்கையில் இதற்கு விடை கண்டேன்.

சுவிஃப்ட் 1984-இல் கடற்படைக் கல்விக்கழகத்தில் பட்டம் பெற்றுக் கப்பல்களில் பணியாற்றினார். 1994-இல் சட்டப் பட்டமும் பெற்று, கடற்படையின் சட்டப் பிரிவில் இடம்பெற்றார்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், அவ்வாண்டு நவம்பரில் அதிபர் புஷ் ஓர் ஆணை பிறப்பித்தார். பயங்கரவாதக் குற்றம் சாட்டப்பட்ட அயல்நாட்டவரைத் தனி இராணுவ ஆணையங்கள் விசாரிக்கும் என்பது அதன் சாரம். குற்றம் சாட்டப்பட்டவரை வெளியே அனுப்பிவிட்டு, அவர் காணாத சான்றுகளை ஏற்கவும் அவ்வாணையங்களின் விதிகள் இடமளித்தன.

பின்லேடனின் கார் ஓட்டுநராக இருந்த யேமன் நாட்டவர் சலீம் ஹம்தான், குவாண்டனாமோ சிறையில் இருந்தார். 2003-இல் அவருக்காக வாதாடும் பொறுப்பு சுவிஃப்ட்டிடம் தரப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யும் பேச்சுவார்த்தைக்காகவே இந்த ஏற்பாடு. சுவிஃப்ட்டோ விசாரணை முறையே சட்டப்படி செல்லாது என்று வழக்குத் தொடுத்தார். சட்டப் பேராசிரியர் நீல் கத்யால் துணை நின்றார். சீருடை அணிந்த அதிகாரி, தம் படைகளின் தலைமைத் தளபதியாகிய அதிபரின் ஆணையையே எதிர்த்தார்!

2006 ஜூன் 29-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அந்த ஆணையங்கள் அமெரிக்க இராணுவச் சட்டத்துக்கும் ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் முரணானவை என்றது. சில வாரங்களிலேயே, சுவிஃப்ட்டுக்குப் பதவி உயர்வு இல்லை என்ற செய்தி வந்தது. உயர்வு பெறாதோர் குறித்த காலத்தில் விலக வேண்டும் என்பது அங்குள்ள விதி. 2007-இல் அவர் கடற்படையை விட்டு விலகினார்.

இதனால் நாட்டின் பாதுகாப்பு குலைந்ததா? இல்லை. 2006-லேயே நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றியது. அதன்படி 2008-இல் ஹம்தானை விசாரித்த இராணுவ அதிகாரிகள், சதிக் குற்றத்திலிருந்து அவரை விடுவித்தனர். பயங்கரவாதத்துக்குத் துணைபுரிந்த குற்றத்துக்கு மட்டும் ஐந்தரை ஆண்டுத் தண்டனை விதித்தனர். அரசுத் தரப்பு கேட்டதோ முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத தண்டனை! எஞ்சிய அக்குற்றத் தீர்ப்பையும் 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது.

அமெரிக்கப் படை அதிகாரி உறுதிமொழி எடுப்பது அரசியலமைப்பைக் காப்பதாகவே. தனி மனிதர் எவருக்கும் அன்று. ஆகவே சுவிஃப்ட் ஆற்றியதும் அரசுப் பணியே என்பது என் துணிபு. நம்முள் பலர் நாளை அரசுப் பணிக்கும் நீதிமன்றத்துக்கும் செல்லக்கூடும். மேலிடத்து ஆணையும் சட்டமும் வேறுபடும் நாள் நமக்கும் வரலாம். அன்று நாம் எதன் பக்கம் நிற்போம் என்பதை இன்றே எண்ணிப் பார்ப்பது நலம்.