கலந்து பேச அவகாசம்

வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதனால், எங்கள் தெருவில் யாருக்கு வாட்ஸ்அப்பில் சந்தேகமான செய்தி வந்தாலும், கைப்பேசியோடு என்னிடம் வந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அவற்றையெல்லாம் பார்த்ததில் ஒரு விஷயம் எனக்குத் திடமாயிற்று: மோசக்காரர்கள் எத்தனை வேஷம் போட்டு வந்தாலும், நாம் இன்னொருவரோடு ஒரு வார்த்தை கலந்துகொள்ள இடங்கொடாமல் விரட்டுவதே அவர்களுடைய தந்திரத்தின் ஜீவநாடி.

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒரு நாள் காலையில் கதவைப் பாதி திறந்து, பேசாதீர்கள் என்று கையால் ஜாடை காட்டினார். உள்ளே மேஜைமேல் சாய்த்து வைத்த கைப்பேசியில் போலீஸ் உடையில் ஒருவன். அவர் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் அகப்பட்டதாகவும், 'டிஜிட்டல் அரெஸ்ட்' ஆகிவிட்டபடியால் கேமராவை விட்டு நகரக் கூடாதென்றும், வைப்புநிதியை முறித்துச் 'சரிபார்ப்புக்காக' வேறொரு கணக்குக்கு மாற்ற வேண்டுமென்றும் அதட்டிக்கொண்டிருந்தான். "டீச்சர், முதலில் போனை அணையுங்கள்" என்றேன். "அணைத்தால் ஜெயிலாம், சார்" என்று வாயசைத்தார். நானே அணைத்தேன். யாரும் வரவில்லை. அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்திலேயே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரித்திருந்தும், பயம் பிடித்த நேரத்தில் படித்தவர்களுக்கும் அது ஞாபகத்துக்கு வருவதில்லை.

சிநேகிதருடைய வாட்ஸ்அப் கணக்கிலிருந்தே வரும் அபாயமும் உண்டு. 'என் ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண் தவறி உங்களுக்கு வந்துவிட்டது, உடனே அனுப்புங்கள்' என்ற செய்திக்கு இணங்கினால், நம் வாட்ஸ்அப் மோசக்காரன் கைக்குப் போய், அதன் வழியே நம் உறவினரிடம் பணம் கேட்கப்படும். ஆகையால், அப்படிக் கேட்பவரைச் சாதாரண அழைப்பில் கூப்பிட்டுக் குரலைக் கேளுங்கள். செட்டிங்ஸில் இரட்டைச் சரிபார்ப்பை இன்றே இயக்கிவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே என்ற செயலிக் கோப்பைத் திறக்க வேண்டாம். யுபிஐயில் பணம் பெற 'பின்' நம்பர் ஒருபோதும் தேவையில்லை.

எனக்கு அதிக மனவேதனை தருபவர்கள் டெலிகிராம் பகுதிநேர வேலையில் சிக்கும் இளைஞர்கள். ஹோட்டல்களுக்கு ஸ்டார் போடச் சொல்லி, ஆரம்பத்தில் நூறு இருநூறு கொடுத்து நம்பிக்கை உண்டாக்கி, பின்பு பெரிய வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். அப்படி ஏமாந்த பையன் ஒருவன் அப்பாவுக்குப் பயந்து நாட்களைக் கடத்திவிட்டு என்னிடம் வந்தபோது, பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறி எங்கோ போய்விட்டது. உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குச் சொல்லி, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிந்திருந்தால், செலவாகாமல் கணக்கில் நிற்கும் தொகையையாவது வங்கிகள் முடக்கி வைத்திருக்கக்கூடும். பெற்றோர்களை நான் மன்றாடிக் கேட்பது இதுதான்: பிள்ளை வந்து சொன்னால் ஏசாதீர்கள், பரிவர்த்தனை எண்ணையும் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து 1930 எண்ணுக்கு அழையுங்கள்.