ஸஃபரில் ஒரு நிகாஹ்

2025 ஜூன் மாதத்தில் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத் கலைந்த பிறகு, எங்கள் பெருங்களத்தூர் சகோதரர் ஒருவர் பள்ளிவாசலில் என்னருகே வந்து அமர்ந்தார். அவர் மகளுக்குப் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வளைகுடாவில் வேலை பார்ப்பவர். ஜூலைக் கடைசியில் வந்து ஒரே ஒரு மாதம் ஊரில் தங்குவார்.

"ஹஜ்ரத், அந்த மாதம் முழுதும் ஸஃபராக இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் ஆடி வேறு. வீட்டில் நன்னி ஒரே பிடியாக நிற்கிறார்கள். அடுத்த லீவுக்குத் தள்ளிவிடலாமா?" என்று கேட்டார். அடுத்த லீவு என்றால் ஒன்றேகால் வருடம் கழித்து.

நான் ஒரு தாளை எடுத்து மாதங்களை எழுதச் சொன்னேன். முஹர்ரம் துக்க மாதம் என்று தள்ளினால் ஜூன் 27 தொடங்கி ஒரு மாதம் போயிற்று. ஸஃபர் பீடை மாதம் என்று தள்ளினால் ஆகஸ்ட் 24 வரை போயிற்று. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். டிசம்பர் 16இல் மார்கழி. தை பிறந்து கொஞ்ச நாள் ஆனதும் ரமளான். இப்படியே அடித்துக்கொண்டு போனால் அல்லாஹ் படைத்த பன்னிரண்டு மாதங்களில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்க நமக்கு எத்தனை மாதம் மிச்சம்? சகோதரர் தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டார். ஆனால் விஷயம் சிரிப்போடு முடிவதல்ல.

அன்பர்களே! காலத்தைக் காரணமாகக் காட்டித் திருமணத்தை ஷரீஅத் தடுத்திருக்கும் இடங்கள் மிகச் சில. கணவனை இழந்த பெண்ணும் தலாக் பெற்ற பெண்ணும் இத்தா முடியும்வரை மறுமணம் செய்யக் கூடாது. இஹ்ராம் அணிந்திருப்பவர் நிகாஹ் செய்வது ஷாஃபிஈ மத்ஹபில் செல்லாது. ஹனஃபி மத்ஹபில் ஒப்பந்தம் மட்டும் செல்லும். ரமளானில்கூட நிகாஹ் ஓதத் தடையில்லை. பகலில் நோன்பின் சட்டத்தைப் பேண வேண்டும், அவ்வளவுதான். இன்ன மாதத்தில், இன்ன கிழமையில், இன்ன நாழிகையில் மணம் முடித்தால் கேடு வரும் என்று சொல்லும் ஒரு வரிகூட நம் மார்க்கத்தில் கிடையாது.

அறியாமைக் காலத்து அரபிகளுக்கும் ஓர் 'ஆடி' இருந்தது. அது ஷவ்வால். பெண் ஒட்டகம் ஆணை ஏற்காமல் வாலை உயர்த்துவதைக் குறிக்கும் சொல்லோடு அந்த மாதத்தின் பெயரை இணைத்துப் பார்த்து, அதில் மணம் முடித்தால் மனைவி கணவனோடு ஒட்டமாட்டாள் என்று பயந்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோ, தம்மை நபி (ஸல்) அவர்கள் ஷவ்வாலில் நிகாஹ் செய்து, ஷவ்வாலிலேயே இல்லறத்தையும் தொடங்கினார்கள் என்றும், தம்மைவிட அவர்களிடம் அன்புக்குரியவராக இருந்த மனைவி யார் என்றும் கேட்டதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. தம் குடும்பத்துப் பெண்களை ஷவ்வாலிலேயே அனுப்பிவைக்கவும் விரும்பினார்கள். மூட நம்பிக்கையை வாதத்தால் மட்டுமல்ல, வாழ்ந்து காட்டியும் உடைத்தார்கள் அன்னையவர்கள்.

நம் பிறைக் கணக்கு சூரியக் கணக்கைவிட ஏறக்குறைய பதினொரு நாள் குறைவு. ஆகவே ஒவ்வொரு மாதமும் சுமார் 33 வருடத்தில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். 2015இல் நோன்புப் பெருநாள் ஜூலை 18இல் வந்தது. அதற்கு முந்தின நாள்தான் ஆடி பிறந்தது. அந்த வருடம் ஷவ்வால் மாதம் ஆடிக்குள்ளேயே அடங்கிவிட்டது. அன்னையவர்கள் விரும்பிய மாதமும் அக்கம்பக்கத்தார் ஆகாதென்று ஒதுக்கும் மாதமும் ஒன்றாக வந்தால் நாம் எதைப் பார்ப்போம்?

ஆடியை ஒதுக்கியதற்கு நம் நாட்டு விவசாயியிடம் ஒரு நியாயம் இருந்தது. ஆடிப் பட்டம் விதைக்கும் காலம். வீட்டில் ஆளும் ஓய்வில்லை, கையில் காசும் இல்லை. ஆடியில் மணந்தால் சித்திரை வெயிலில் பிரசவம் வரும் என்றும் சொல்வார்கள். இவை சகுனமல்ல, வசதிக் கணக்கு. ஏர் பிடிப்பதை விட்டு, ரயிலேறித் தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் வேலைக்குப் போகிற நாம் அந்தக் கணக்கை விட்டுவிட்டு அச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஆடியில் மண்டபங்கள் காலியாகக் கிடக்கின்றன என்பதையாவது ஏழைத் தகப்பன் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முஹர்ரமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது அல்லாஹ் கண்ணியப்படுத்திய நான்கு மாதங்களில் ஒன்று. இமாம் ஹுஸைன் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 61இல் அம்மாதத்தில் ஷஹீதானது உள்ளத்தை உருக்கும் செய்திதான். ஆனால் கணவனை இழந்த மனைவியைத் தவிர மற்றவர் மூன்று நாளுக்கு மேல் துக்கம் காக்கக் கூடாது என்பது நபிமொழி.

இனி ஸஃபர். ஒடுக்கத்துப் புதன் என்று மாவிலையில் எழுதிக் கரைத்துக் குடிப்பதெல்லாம் இந்த மாதத்தின் பேரில் ஏற்பட்ட அச்சத்தால்தான். பறவைச் சகுனமும் இல்லை, ஸஃபர் என்ற பீடையும் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். நபியவர்கள் கைபருக்குப் புறப்பட்டது ஹிஜ்ரி 7 முஹர்ரமின் கடைசியில் என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். கைபர் வெற்றிக்குப் பின் மதீனாவுக்குத் திரும்பும் வழியில்தான் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களுடன் மணவாழ்க்கை தொடங்கியது. பேரீச்சம்பழம், பாலாடைக்கட்டி, நெய் இவைதாம் வலீமா விருந்து. நாட்களைக் கூட்டிப் பார்த்தால், அந்த மணம் ஸஃபரில்தான் வருகிறது!

அப்படியானால் காலமே பார்க்க வேண்டாமா? பார்க்க வேண்டும். கடும் மழை இரவில் வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவிக்கச் சொன்ன மார்க்கம் இது. ஜமாஅத்துக்கே மழை தக்க காரணம் என்றால் கல்யாணத்துக்கு ஆகாதா? 2015 டிசம்பர் 2 காலை வரையான ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியதையும், அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதையும் நாம் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் வந்தது. நவம்பரில் பந்தல் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நிற்பது தவக்குல் அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டும்படிதானே நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. கத்திரி வெயிலில் பட்டும் நகையும் பூவும் சுமந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணை நினைத்துப் பார்ப்பதும், பிள்ளைகளின் பரீட்சையை நினைப்பதும், தூரத்து உறவினருக்கு வர முடிகிற நாளைக் கேட்பதும் நல்ல யோசனைகள். 'மழை வரும்' என்று தள்ளிப்போடுவது அறிவு. 'பீடை வரும்' என்று தள்ளிப்போடுவது சகுனம்.

மணப்பெண்ணுக்குச் செய்யும் சடங்குகளையும் இதே அளவுகோலால் அளக்கலாம். மருதாணி இடுங்கள், அது அழகு. நலங்கு மஞ்சளும் பெண்களுக்குள்ளே, மேனி துலங்கப் பூசுவதாக இருந்தால் நான் குறை சொல்லமாட்டேன். மணமான புதிதில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் மேல் மஞ்சள் நிற நறுமணத்தின் சுவடு இருந்ததைக் கண்ட நபியவர்கள், விசாரித்து, பரக்கத்துக்கு துஆச் செய்து, ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் நலங்கு வைக்காவிட்டால் குடும்பம் விளங்காது என்று நம்புவதும், அந்நிய ஆண்கள் கலந்துகொண்டு பூசுவதும், திருஷ்டி கழிய ஆராத்தி சுற்றுவதும் வேறு. கருகமணியும் அப்படியே. நாத்தனார் கட்டிவிடும் ஒரு நகை என்றால் நகைதான். அதைக் கழற்றினால் கணவன் உயிருக்கு ஆபத்து என்றால், அது ஈமானில் கை வைக்கிறது.

மணப்புடவைக்காகக் கடன்படும் தாய்மாருக்கு ஒரு செய்தி. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஐந்து திர்ஹம் பெறுமானமுள்ள முரட்டுத் துணிச் சட்டை ஒன்று இருந்தது. நபியவர்கள் காலத்தில் மதீனாவில் அலங்கரிக்கப்படும் மணப்பெண்ணுக்காக அப்படியொரு சட்டையைத் தம்மிடம் ஆளனுப்பி இரவல் வாங்கிப் போவார்கள் என்று அன்னையவர்களே சொல்லியிருக்கிறார்கள். பிற்காலத்தில் வீட்டுப் பணிப்பெண்கூட அதை உடுத்த விரும்பவில்லையாம். புகாரி இமாம் இதை மணப்பெண்ணுக்கு இரவல் வாங்குதல் என்ற தலைப்பிலேயே பதிந்திருக்கிறார்கள்.

சில நாள் கழித்துச் சகோதரர் வீட்டுக்குப் போய் நன்னியிடம் பேசினேன். கைபர் செய்தியை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். "இதை எங்க காலத்திலே ஒருத்தரும் சொல்லலியே வாப்பா" என்றார்கள். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, தம்முடைய கல்யாணப் பட்டுப் புடவை பெட்டியில் இருக்கிறது, உதறி நிழலில் உலர்த்து என்றார்கள்.

நிகாஹ் ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை, அஸருக்குப் பின் எங்கள் பள்ளியில் நடந்தது. ஸஃபர், ஆடி, போதாக்குறைக்கு ஞாயிறு மாலை ராகு காலம். அவர்கள் வேண்டுமென்று அப்படி வைக்கவில்லை. உறவினருக்கு அன்றுதான் விடுமுறை. மஹரை மாப்பிள்ளை அங்கேயே ரொக்கமாகக் கொடுத்தார். தப்தரில் கையெழுத்து முடிந்து வெளியே வந்தபோது இலேசாகத் தூறிக்கொண்டிருந்தது.