எட்டு நாளும் ஒரே கரையில்

தூத்துக்குடி

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பிய போர்ச்சுகல் பயணத் திட்டத்தை நிதானமாக வாசித்தேன். எட்டு நாளில் லிஸ்பன், போர்ட்டோ, அல்கார்வ், மதேரா தீவு, பிறகு எல்லை தாண்டி செவில்யா, கடைசியில் பார்சலோனா. உனக்கும் மாப்பிள்ளைக்கும் இது முதல் ஐரோப்பியப் பயணம். இனி எப்போது போகப் போகிறோமோ என்ற நினைப்பில் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டாய். ஆனால் இந்தத் திட்டப்படி போனால் நீங்கள் அதிக நேரம் பார்க்கப் போவது விமான நிலையங்களையும் விடுதி வரவேற்பறைகளையும்தான். கப்பலில் இருந்த காலத்தில் லிஸ்பனில் இறங்கியிருக்கிறேன். வேலையை விட்டபின் உன் அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கியும் வந்தேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: லிஸ்பனில் ஐந்து இரவு, நஸாரே என்ற கடற்கரை ஊரில் இரண்டு இரவு. மற்றதை எல்லாம் அடித்துவிடு. போர்ட்டோ அழகான ஊர்தான். ஆனால் ரயிலில் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். அந்த ஊரின் பெயரைச் சொல்லிக்கொள்வதற்காக ஒரு பகலைக் கொடுக்காதே.

முதலில் விசா. ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறாயோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். போர்ச்சுகலில் மட்டும் தங்கினால் இதில் குழப்பமே இல்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கோடை விடுமுறை நெருங்கினால் விசா மையத்தில் நேரம் கிடைப்பது கடினம். அதனால் தேதி முடிவானதும் முதல் வேலை அதுதான். பாஸ்போர்ட் பத்தாண்டுக்குள் வாங்கியதாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துப் பார்க்கச் சொல். 30,000 யூரோ வரை மருத்துவச் செலவு தரும் பயணக் காப்பீடு கட்டாயம். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, விசா மறுக்கப்பட்டால் திரும்ப வராது. விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட்டைத் தள்ளுபடி விலைக்கு ஆசைப்பட்டு வாங்கிவிடாதே.

இந்தியாவிலிருந்து லிஸ்பனுக்கு நேர் விமானம் இல்லை. துபாய் வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை லிஸ்பனில் நடக்கும். ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஊர் வழியாகப் போனால் அங்கேயே நடந்துவிடும். இப்போது கைரேகையும் முகப்படமும் எடுப்பதால் வரிசை நீளமாகிறது. அடுத்த விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும் என்று முகவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதே, மூன்று மணி நேரம் வை.

மாதம் செப்டம்பராக இருக்கட்டும். ஆகஸ்டில் ஐரோப்பாவே அந்தக் கரையில் வந்து நிற்கும். செப்டம்பர் பாதியில் அங்கே பள்ளிகள் திறந்துவிடும், கூட்டம் வடியும், கடலும் அந்த ஆண்டின் சூட்டை அப்போதுதான் முழுதாக வாங்கியிருக்கும்.

லிஸ்பன் மேடும் பள்ளமுமான ஊர். நடைபாதை எல்லாம் சிறு சிறு வெள்ளைக் கற்கள் பதித்தது, மழை பெய்தால் வழுக்கும். அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் காலணி இல்லாமல் போகாதே. விமான நிலையத்திலிருந்தே மெட்ரோவின் சிவப்புத் தடம் ஊருக்குள் வருகிறது. ஆளுக்கொரு நவெகாந்தே அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் மெட்ரோ, டிராம், பேருந்து, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் அது போதும். ஒரே அட்டையில் இரண்டு பேர் போக முடியாது. 28-ஆம் எண் டிராமில் ஏற ஆசைப்படுவாய். காலை எட்டு மணிக்கு முன் ஏறு. பகலில் அது பிக்பாக்கெட்காரர்களின் வண்டி.

முதல் நாள் வேறெதுவும் வேண்டாம், அல்ஃபாமா சந்துகளில் நடந்துவிட்டு, பிறகு இறங்கி பைஷா பகுதிக்கு வா. இரண்டும் ஒரே ஊரா என்று தோன்றும். மேலே வளைந்து நெளியும் சந்துகள், கீழே நூல் பிடித்தாற்போன்ற தெருக்கள். காரணம் 1755 நவம்பர் 1. கிறிஸ்தவர்களின் சகல பரிசுத்தர் திருநாள், காலைப் பூசை வேளை, கோயில்கள் நிறைந்திருந்தன. அப்போதுதான் நிலம் நடுங்கியது. இடிபாடுகளுக்குத் தப்பியவர்கள் திறந்த வெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். நீர் உள்வாங்கிப் போனது, பிறகு மலைபோல் திரும்பி வந்தது. கோயில்களில் எரிந்த மெழுகுவர்த்திகளும் வீட்டு அடுப்புகளும் பற்றவைத்த தீ பல நாள் எரிந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த நம் கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பைஷா அதற்குப் பிறகு பொம்பால் பிரபு கட்டுவித்தது. சுவர்களுக்குள் நிலநடுக்கம் தாங்கும் மரக்கூண்டுகளை வைத்துக் கட்டினார்கள். அல்ஃபாமாவின் பெரும்பகுதி தப்பித்தது. மேட்டில் கார்மோ மடத்தின் கோயில் இன்றும் கூரையில்லாமல் வளைவுகளோடு நிற்கிறது. அதற்குள் போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வா. என் கணக்கில் லிஸ்பனில் பார்க்க வேண்டிய முதல் இடம் அதுதான், ஆற்றோரத்துப் பெலேம் பகுதி இரண்டாவதுதான்.

பெலேமுக்கு ஒரு முழுக் காலையைக் கொடு. திங்கட்கிழமை போகாதே, ஜெரோனிமுஸ் மடாலயம் மூடியிருக்கும். கீழை வாணிகத்தின் மீது விதித்த வரிப்பணத்தில் எழுந்த கட்டடம் அது. உள்ளே வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. 1497-இல் அந்தக் கரையிலிருந்து கிளம்பி, 1498 மே மாதம் கோழிக்கோட்டுக்கு வந்தவர். அவர் பின்னால் வந்தவர்கள் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார்கள், நாகப்பட்டினத்துக்கு வந்தார்கள், 1619-இல் யாழ்ப்பாண அரசையே பிடித்தார்கள். ஆற்றோரத்தில் கடலோடிகளுக்கு எழுப்பிய பெரிய நினைவுச் சின்னத்தின் முன் எல்லாரும் படம் எடுத்துக்கொள்வார்கள். நீயும் எடுத்துக்கொள். ஆனால் அந்தக் கப்பல்களை மறுகரையில் நின்று பார்த்தவர்களின் வழிவந்தவள் நீ என்பது உன் மனதில் இருக்கட்டும். இன்னொன்றும் தெரிந்துகொண்டு போ. தமிழ்ச் சொற்களைத் தாங்கி முதன்முதலில் அச்சேறிய புத்தகம் 1554-இல் அந்த லிஸ்பனில்தான் வந்தது. கிறிஸ்தவ மன்றாட்டுகளைக் கொண்ட சிறு நூல், தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்டது. விசெந்தே டி நாசரே, ஜோர்ஜ் கர்வாலோ, தோமா த குரூஸ் என்று போர்ச்சுகீசியப் பெயர் தாங்கிய மூன்று தமிழர்கள் அதை ஆக்கினார்கள். தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வந்தது 1578-இல்தான். பெலேமில் நடக்கும்போது அந்த மூன்று பேரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்.

இன்னொரு நாள் சிந்த்ரா என்ற ஊருக்கு லிஸ்பனின் ரொசியோ நிலையத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பேனா அரண்மனைக்கு நேரம் குறித்த டிக்கெட், முன்பே எடுத்து வை. அங்கிருந்து பேருந்தில் கபோ ட ரோக்கா, ஐரோப்பிய நிலப்பரப்பின் மேற்கு முனை. அங்கே 2014-இல் ஒரு தம்பதி தடுப்பு வேலியைத் தாண்டிப்போய்ப் படம் எடுத்துக்கொள்ளும்போது பாறையிலிருந்து விழுந்து இறந்தார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றன. தெற்கே அல்கார்வ் கரையில் 2009-இல் பாறை சரிந்து கீழே மணலில் இருந்த ஐந்து பேர் மாண்டார்கள். அங்கெல்லாம் எச்சரிக்கைப் பலகையை யாரும் பேருக்கு வைப்பதில்லை. பாறை விளிம்பில் நிற்கவும் வேண்டாம், பாறை அடியில் துண்டை விரித்துப் படுக்கவும் வேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் மாமா சொன்னால் சொன்னதுதான்.

கடலைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். வெயில் சுள்ளென்று அடிக்கும், மணல் சுடும், ஆனால் செப்டம்பரிலும் ஓடிப்போய்த் தண்ணீரில் கால் வைத்தால் எலும்பு வரை குளிரும். கோடையில் வடகாற்று கரையோரமாகவே அடித்து மேல்நீரை வெளியே தள்ளிவிடுகிறது. அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் எழும்பி வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் கேரளக் கரையோரம் நடப்பதும் இதுதான். அங்கே சாளை மீன் கொழிப்பதற்கு இது ஒரு காரணம், போர்ச்சுகலில் சாளை கொழிப்பதற்கும் அதே காரணம். ஆகவே நீந்தப் போகிறோம் என்ற எண்ணத்தோடு போகாதே, கால் நனைக்கப் போகிறோம் என்று போ. காவலர் இருக்கும் கடற்கரையில் மட்டும் இறங்கு. பச்சைக் கொடி என்றால் குளிக்கலாம், மஞ்சள் என்றால் நீந்தக் கூடாது, சிவப்பு என்றால் தண்ணீருக்குள்ளேயே போகக் கூடாது. நம் கரையில் வளர்ந்தவள், நீச்சல் தெரிந்தவள் என்ற தைரியத்தை அங்கே காட்டாதே. அட்லாண்டிக்கின் இழுப்பு வேறு.

நஸாரேயைச் சேர்க்கச் சொல்வதும் கடலுக்காகத்தான். லிஸ்பனிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஊருக்கு முன்னால் கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு கரைவரை வந்து முடிகிறது. தூரத்திலிருந்து வரும் அலையின் வேகம் அதற்குள் குறையாமல், கரையருகே பக்கத்து அலையோடு சேர்ந்து எழும்பும். 2020-இல் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் என்ற ஜெர்மானியர் சறுக்கி இறங்கிய அலையின் உயரம் 26 மீட்டருக்கு மேல். அந்த அலைகள் குளிர்காலத்தில் வருபவை, செப்டம்பரில் எதிர்பார்க்காதே. நீ பார்க்க வேண்டியது வேறு. அந்த ஊர்ப் பெண்கள் மீனைக் கீறி, வலைத் தட்டிகளில் பரப்பிக் கடற்கரை வெயிலில் கருவாடு போடுவார்கள். அவர்களிடம் வாங்கு, புன்னகையோடு இரண்டு வார்த்தை பேசு. காலையில் 'போம் தியா', நன்றிக்கு நீ 'ஒப்ரிகாதா', மாப்பிள்ளை 'ஒப்ரிகாதோ'. இழுவை ரயிலில் மேலே சீத்தியு மேட்டுக்குப் போனால் முழுக் கரையும் தெரியும். மறுநாள் காலையில் ஒன்றும் செய்யாமல் கடலோரம் நடங்கள். திட்டத்தில் அந்தக் காலையை வெறுமையாகவே விடு.

சாப்பாடு. கடையில் உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ் காய், பாலாடைக்கட்டி வைப்பார்கள். தொட்டால் காசு. வேண்டாம் என்றால் எடுத்துப் போகச் சொல், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். மதியத்தில் 'ப்ராத்து து தியா' என்று அன்றைய சாப்பாடு கிடைக்கும், மலிவாகவும் இருக்கும், வயிறும் நிறையும். உனக்குச் சுட்ட சாளை போதும். மாப்பிள்ளை சைவம் என்பதால் ஒரு எச்சரிக்கை: கல்து வெர்து என்ற கீரைச் சூப்பில் பன்றி இறைச்சித் தொத்திறைச்சித் துண்டு போடுவார்கள். கேட்ட பிறகே வாங்கச் சொல். மார்த்தி மொனிஸ் சதுக்கத்தைச் சுற்றி நம் நாட்டவரும் வங்கதேசத்தவரும் நடத்தும் மளிகைக் கடைகள் உண்டு, அரிசி பருப்பு கிடைக்கும். சமையலறை உள்ள அறையாக எடுத்தால் அவருக்கு இரவுச் சாப்பாட்டுக் கவலை இராது. லிஸ்பன் விடுதியில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ நகர வரி தனியாகக் கேட்பார்கள், ஏமாற்று என்று நினைக்காதே.

பாஸ்போர்ட்டை அறையில் பூட்டி வைத்துவிட்டு நகலோடு வெளியே போ. அவசரம் என்றால் 112.

திட்டத்தைத் திருத்தி, தேதிகளோடு எனக்கு அனுப்பு. நஸாரேயில் கடலைப் பார்த்த மேட்டுப் பக்கம் எந்த அறை எடுக்கலாம் என்று உன் அத்தையும் நானும் பார்த்துச் சொல்கிறோம். உன் அம்மாவிடம் நான் பேசிவிட்டேன், அவள் பயப்படவில்லை. விசாவுக்கான தாள்களை மட்டும் இந்த வாரமே சேர்க்கத் தொடங்கு, தள்ளிப்போடாதே.

அன்புடன்,
மாமா