மழைக்காலத்து மௌனம்

உப்பளத்தில் வேலை நின்றதிலிருந்து என் கணவர் பேசுவதே இல்லை. பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறார். விழுப்புரம் போய் டாக்டரைப் பார்க்கக் கூச்சப்படுகிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, மரக்காணம்

சகோதரி, விடியுமுன் பாத்தியில் இறங்கி உப்பு வாரிப் பழகிய கைகள், ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கியதும் வேலையும் கூலியும் இழந்து சும்மா கிடக்கும்போது, அந்த மனக்கிலேசம் கோபமாக உருவெடுத்துப் பிள்ளைகள்மேல் பாய்வது சகஜமே. அவர் துஷ்டர் அல்லர், வியாகூலப்பட்டவர். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல ஆலோசனைச் சேவையை, 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பஸ் ஏறவும் வேண்டாம், முகம் காட்டவும் வேண்டாம். அவருடைய சம்மதத்துக்குக் காத்திராமல் முதலில் நீங்களே பேசிவிடுங்கள். பிறகொரு நாள், பிள்ளைகள் உறங்கியபின், கைபேசியை அவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் திண்ணையில் போய் உட்காருங்கள்.