எல்லையில் நிற்கும் துகள்

தண்டையார்பேட்டைக்கு வடக்கே, எண்ணூர் காமராசர் துறைமுகத்தின் அருகே 2017 சனவரி 28 அன்று இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் வடசென்னைக் கரையில் கரிய குழம்பாய்ப் படிந்தது. அதனைப் பெரும்பாலும் மனிதக் கைகளே வாளிகளில் அள்ளின. நீரும் எண்ணெயும் ஒட்டா என்பர். ஆயினும், அவற்றைப் பிரிப்பது ஏன் அரிதாயிற்று? அலைகளின் மோதலில் நீர் நுண்துளிகளாக எண்ணெயினுள் புகுந்துவிடுகிறது. அக்கூழைப் பிரிக்க, நீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லையைச் சென்றடையும் பொருள் வேண்டும்.

அத்தகைய பொருளே இருமுகத் துகள். அதன் ஒரு பாதி நீரை நாடும். மறுபாதி எண்ணெயை நாடும். எனவே, அது எல்லையில் நிலைகொள்கிறது, எளிதில் விலகுவதில்லை. எதிரெதிர்த் திசை நோக்கும் இரு முகங்களைக் கொண்ட உரோமானியத் தெய்வமான சானசின் பெயரை மேலைநாட்டார் இதற்குச் சூட்டினர். ஓருடலில் இரு பாதியாய் நிற்கும் அம்மையப்பர் வடிவத்தை அறிந்த நமக்கு இக்கருத்து புதிதன்று.

1988இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் நுண்ணிய கண்ணாடி மணிகளை இவ்வாறு இருமுகமாக்கினர். 1991இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் டி ஜென் தம் பரிசுப் பேருரையில் அவற்றை எடுத்துரைத்தார்.

உருண்டையின் ஒரு பாதியை மட்டும் மாற்றுவது எவ்வாறு? மணலில் பாதி புதைந்த சிப்பிக்கு வண்ணம் பூசினால், வெளியே தெரியும் பாதியே நிறம்பெறும். 2006இல் அமெரிக்க ஆய்வாளர் கிரானிக் குழுவினர் வெளியிட்ட முறையும் இத்தகையதே. உருகிய மெழுகையும் சிலிக்காத் துகள்களையும் வெந்நீரில் கலக்குவர். மெழுகுத்துளிகளின் மேல் துகள்கள் ஒரு பகுதி அமிழ்ந்து ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்து மெழுகு இறுகியதும், வெளித்தெரியும் பகுதியில் வேதிப்பூச்சு ஏற்றுவர். பின்னர் மெழுகைக் கரைத்து நீக்க, மறைந்திருந்த முகம் வெளிப்படும். ஒரு பாதி சிலிக்காவாகவும் மறுபாதி பலபடிச் சேர்மமாகவும் அமைந்தால் அது கலப்புத் துகளாகும். இரும்பு ஆக்சைடையும் சேர்த்தால், துகள்களையும் அவை பற்றிய துளிகளையும் காந்தத்தால் ஈர்த்துத் திரட்டலாம்.

இவை ஆய்வுக்கூடங்களில் மெய்ப்பிக்கப்பட்டவை. பரந்த கடலுக்கு ஏற்ற அளவில் உருவாக்குவதும், பயன்படுத்திய துகள்களை எஞ்சாமல் மீட்பதும் இனிவரும் பணிகள். கடலைத் தூய்மையாக்கச் செல்லும் துகள், மீனுக்கும் மீனவர்க்கும் புதிய சுமையாகிவிடக் கூடாதன்றோ!