பரிசாகத் தர ஒரு சிறிய டிஜிட்டல் கேமரா

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளில் ஒன்று இது: "வீட்டில் ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்க, அதிக விலை இல்லாத சின்ன கேமரா எது?" மொபைல் போனில் கேமரா வந்த பிறகு இந்தக் கேள்வி நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. சில ஆண்டுகள் குறைந்திருந்து, இப்போது மீண்டும் வருகிறது.

காம்பாக்ட் கேமரா என்பது பையில் அடங்கும் அளவுள்ள, லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாத சிறிய கேமரா. ஜப்பானிய கேமரா நிறுவனங்களின் சங்கம் வெளியிடும் கணக்கின்படி, லென்ஸ் கழற்ற முடியாத டிஜிட்டல் கேமராக்கள் 2010ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 10 கோடிக்கும் மேல் அனுப்பப்பட்டன. 2023இல் அது சுமார் 17 லட்சம்தான். காசியோ நிறுவனம் 2018இல் இந்தத் தொழிலிலிருந்தே விலகியது. இதன் விளைவு என்னவென்றால், குறைந்த விலையில் நல்ல பெயருள்ள புதிய கேமராக்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டன. காலியான இடத்தில், பெயர் தெரியாத மலிவுக் கேமராக்களும் பழைய கேமராக்களும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. பரிசு வாங்குபவர் ஏமாறும் இடங்கள் இந்த இரண்டும்தான்.

விலைகளை இங்கே தரவில்லை. மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. கடைக்குக் கடையும் மாறுகின்றன.

முதலில், போன் போதாதா?

இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். குறைந்த விலை காம்பாக்ட் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் சென்சார், 1/2.3 அங்குலம் என்று குறிப்பிடப்படும் அளவுடையது. உண்மையில் அது சுமார் 6.2 மில்லிமீட்டர் அகலமும் 4.6 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு சிறு தகடு. சுண்டு விரல் நகத்தைவிடச் சிறியது. இன்றைய நடுத்தர விலை போன்கள் பலவற்றின் முதன்மைக் கேமராவில் இதைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது. அதோடு, போன் ஒரே நொடியில் பல படங்களை எடுத்து அவற்றைச் சேர்த்து ஒரு படமாக்குகிறது. எனவே வீட்டுக்குள், மாலை வெளிச்சத்தில், போன் எடுக்கும் படம்தான் பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

அப்படியானால் கேமரா எதற்கு? மூன்று காரணங்கள் உண்டு. லென்ஸே முன்னும் பின்னும் நகர்ந்து தூரத்துக் காட்சியைப் பெரிதாக்கும் ஆப்டிகல் ஜூம் ஒன்று. உண்மையான ஃபிளாஷ் இரண்டாவது. மூன்றாவதை விளம்பரங்கள் சொல்வதில்லை: படம் எடுக்கும் நேரத்தில் அதற்கு அழைப்பு வராது, அதன் மெமரி வாட்ஸ்அப் காலை வணக்கங்களால் நிரம்பாது.

என் அக்கா மகன் முதல் சம்பளத்தில் அவன் அம்மாவுக்கு ஒரு கேமரா வாங்க நினைத்தான். இணையக் கடையில் 64 மெகா பிக்ஸல் என்று போட்டிருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "மாமா, இதை ஆர்டர் பண்ணிடட்டுமா?" என்று கேட்டான். மெகா பிக்ஸலை விடு, அக்கா எதைப் படம் எடுப்பாள் என்று சொல் என்றேன். கோயில் கோயிலாகப் போகிறவள். கோபுரத்தின் மேல்நிலையில் இருக்கும் சுதை உருவங்களைப் போனில் எடுத்தால் சேறு அப்பியதுபோல வருகிறது என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது ஜூம். அவன் தேர்ந்தெடுத்த கேமராவில் அதுதான் இல்லை.

மெகா பிக்ஸல் என்ற மயக்கம்

ஸ்டுடியோவில் பிரிண்ட் போடும் 4க்கு 6 அங்குலப் படத்துக்கு, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற நல்ல தரத்தில், 1200க்கு 1800 புள்ளிகள் தேவை. பெருக்கிப் பார்த்தால் சுமார் 22 லட்சம், அதாவது 2.2 மெகா பிக்ஸல். ஏ4 தாள் முழுவதும் அச்சிட 9 மெகா பிக்ஸலுக்குள் முடிந்துவிடும். 4கே டிவியின் திரையில் இருப்பது சுமார் 8.3 மெகா பிக்ஸல். ஆகவே 12 முதல் 20 மெகா பிக்ஸல் கொண்ட கேமரா ஒரு குடும்பத்துக்கு எல்லா வகையிலும் போதும்.

அப்படியானால் மலிவுக் கேமராவில் 48, 64 என்று எப்படிப் போடுகிறார்கள்? சென்சாரில் இருப்பது அதைவிட மிகக் குறைவான புள்ளிகள். கேமராவுக்குள் இருக்கும் சாஃப்ட்வேர், இருக்கும் புள்ளிகளுக்கு இடையே கற்பனையாகப் புதிய புள்ளிகளை நிரப்பி பைலைப் பெரிதாக்குகிறது. இதற்கு இன்டர்பொலேஷன் என்று பெயர். பாலில் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டுவது போன்றதுதான். விவரப் பட்டியலில் "எஃபெக்டிவ் பிக்ஸல்" அல்லது "சென்சார்" என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரியே இல்லை என்றால் அந்தக் கேமராவை விட்டுவிடுங்கள். கடையில் நேரில் பார்த்தால் இன்னும் எளிது. சுவிட்சைப் போட்டதும் லென்ஸ் வெளியே நீளாமல், 16 எக்ஸ் ஜூம் என்று மட்டும் எழுதியிருந்தால், அது பெரும்பாலும் டிஜிட்டல் ஜூம்.

டிஜிட்டல் ஜூம் என்பது ஜூமே அல்ல. படத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துப் பெரிதாக்கிக் காட்டுவது. 16 மெகா பிக்ஸல் படத்தில் 4 மடங்கு டிஜிட்டல் ஜூம் செய்தால், அகலத்தில் நான்கில் ஒரு பங்கும் உயரத்தில் நான்கில் ஒரு பங்கும்தான் மிஞ்சும். மொத்தத்தில் பதினாறில் ஒரு பங்கு. ஒரே ஒரு மெகா பிக்ஸல். இதைக் கம்ப்யூட்டரில் கிராப் செய்து நீங்களே செய்துகொள்ளலாம்.

ஆப்டிகல் ஜூமிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 12 எக்ஸ் என்றால் கண்ணால் பார்ப்பதைவிட 12 மடங்கு என்று பொருள் அல்ல. லென்ஸின் மிக நீண்ட நிலையை மிகக் குறுகிய நிலையால் வகுத்து வரும் எண் அது. கோடக் பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்55 மாடலில் 28 முதல் 140 மில்லிமீட்டர் வரை. எனவே 5 எக்ஸ். கேனன் இக்ஸஸ் 285 எச்எஸ் மாடலில் 25 முதல் 300 வரை. எனவே 12 எக்ஸ். முதல் எண்ணையும் பாருங்கள். அது சிறியதாக இருந்தால்தான் நம் வீட்டுக் கூடத்தில் சுவரோடு ஒட்டி நின்றாலும் எல்லோரையும் ஒரே படத்தில் அடக்க முடியும். இந்தக் கேனன் மாடல் 2016இல் வந்தது. 2025இல் சிறு மாற்றங்களுடன், மைக்ரோ எஸ்டி கார்டு போடும் வகையில் மீண்டும் வெளியிடப்பட்டது. அக்காவுக்கு 12 எக்ஸ் ஜூமும், கை நடுக்கத்தைச் சமாளிக்க லென்ஸிலேயே ஸ்டெபிலைசரும் உள்ள ஒன்றைத்தான் முடிவு செய்தோம். "டிஜிட்டல் ஸ்டெபிலைசர்" என்று மட்டும் இருந்தால் அதற்குத் தனியாகப் பணம் தர வேண்டியதில்லை.

ஃபிளாஷ் பற்றிச் சுருக்கமாக. கேமராவில் இருப்பது பொதுவாக செனான் குழாய். கண நேரத்தில் பளிச்சென்று எரிந்து, ஓடும் குழந்தையையும் உறைய வைத்துவிடும். போனில் இருப்பது எல்இடி. அது வெறும் டார்ச். மலிவுக் கேமராக்களிலும் எல்இடிதான் வைக்கிறார்கள். ஆனால் சிறிய கேமராவின் செனான் ஃபிளாஷ் மூன்று நான்கு மீட்டருக்கு மேல் எட்டாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து எடுத்தால், முன்வரிசைத் தலைகள்தான் வெள்ளையாக வரும்.

பழைய கேமரா வாங்கலாமா?

2000களில் வந்த, சிசிடி சென்சார் உள்ள கேமராக்களை இளைஞர்கள் தேடி வாங்குகிறார்கள். அந்தப் படங்களின் நிறம் பிடித்திருக்கிறதாம். கல்லூரியில் படிக்கும் பெண் அதையே கேட்டால் வாங்கிக் கொடுக்கலாம். பெற்றோருக்கோ, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத வீட்டுக்கோ வேண்டாம் என்பேன்.

வாங்குவதானால் முதலில் கார்டைப் பாருங்கள். எஸ்டி கார்டுகளில் 2 ஜிபி வரை உள்ளவை சாதாரண எஸ்டி. 4 முதல் 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி. அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. எஸ்டிஎச்சி வந்ததே 2006இல். அதற்கு முந்தைய கேமராவில் 32 ஜிபி கார்டைப் போட்டால் "கார்டு எரர்" என்றுதான் வரும். ஒலிம்பஸ், ஃபியூஜிஃபிலிம் கேமராக்கள் பல எக்ஸ்டி கார்டையும், 2010க்கு முந்தைய சோனி கேமராக்கள் மெமரி ஸ்டிக்கையும் பயன்படுத்தின. இவற்றைத் தேடி அலைவது பரிசு பெறுபவரின் தலையில் விழும்.

அடுத்து பேட்டரி. அதைக் கழற்றி, உப்பியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்; மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு புதியது கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகே பணம் கொடுங்கள். பின்னர் சுவிட்சைப் பத்து முறையாவது போட்டு அணையுங்கள். லென்ஸ் தடுமாறினாலோ, கரகரவென்று சத்தம் வந்தாலோ வேண்டாம். வெள்ளைச் சுவரை முழு ஜூமில் படம் எடுத்து, ஒரே இடத்தில் மங்கலான புள்ளி ஒவ்வொரு படத்திலும் வருகிறதா என்று பாருங்கள். அது உள்ளே போன தூசி. நம்மால் துடைக்க முடியாது.

ஏஏ பேட்டரி போடும் கேமராவும் நல்ல பரிசுதான். எந்தப் பெட்டிக் கடையிலும் பேட்டரி கிடைக்கும். ஆனால் கடிகாரத்துக்குப் போடும் மலிவு செல்லைப் போட்டால் பத்துப் படங்களுக்குள் அணைந்துவிடலாம். ஆல்கலைன் அல்லது ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் செல்களை வாங்கிப் பெட்டியோடு வையுங்கள்.

பெட்டியில் இன்னும் என்ன வைக்க வேண்டும்? ஒரு 32 ஜிபி கார்டு. படம் ஒன்று 5 எம்பி என்று கொண்டால் சுமார் ஆறாயிரம் படங்கள் பிடிக்கும். நம்ப முடியாத விலையில் 1 டிபி கார்டு என்று விற்றால் அது போலி. கார்டு ரீடர் ஒன்றும் அவசியம், ஏனென்றால் இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் கார்டு சொருகும் இடமே இல்லை.

கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது

இந்தப் பகுதியைப் பரிசு பெறுபவருடன் உட்கார்ந்து ஒருமுறை செய்து காட்டுங்கள். கேமராவை அணைத்துவிட்டு கார்டை எடுத்து, ரீடரில் போட்டுக் கம்ப்யூட்டரில் இணைக்கவும். எக்ஸ்ப்ளோரரில் புதிய டிரைவ் ஒன்று தெரியும். அதில் டிசிஐஎம் என்ற போல்டரைத் திறக்கவும். எந்த நிறுவனத்தின் கேமராவானாலும் படங்கள் இதற்குள்தான் இருக்கும். பிக்சர்ஸ் போல்டரில் அன்றைய தேதியில் புதிய போல்டர் ஒன்றை உருவாக்கவும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் கொடுத்தால் போல்டர்கள் தாமாகவே கால வரிசையில் அமையும். படங்களை அதில் காப்பி செய்யவும்; கட் செய்ய வேண்டாம்.

ஒவ்வொரு முறையும் புதிய போல்டர் ஏன் என்று கேட்கலாம். கேமரா தன் படங்களுக்கு 0001, 0002 என்று எண் கொடுக்கிறது. சில கேமராக்களில் கார்டை ஃபார்மட் செய்ததும் எண் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். பழைய போல்டரிலேயே காப்பி செய்தால், இதே பெயரில் பைல் இருக்கிறது, ரீப்ளேஸ் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்கும். அவசரத்தில் சரி என்று கிளிக் செய்தால், சென்ற ஆண்டு எடுத்த பேரனின் முதல் பிறந்த நாள் படங்களின் மேல் இந்த ஆண்டுப் பொங்கல் படங்கள் எழுதப்பட்டுவிடும். ரீசைக்கிள் பின்னிலும் அவை இருக்காது. கேமரா மெனுவில் ஃபைல் நம்பரிங் என்ற இடத்தில் கன்டினியூவஸ் என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

காப்பி ஆன படங்களைத் திறந்து பார்த்து, வெளி ஹார்ட் டிஸ்கிலோ பென் டிரைவிலோ இரண்டாவது பிரதி எடுத்த பின்பே, கார்டைக் கேமராவில் போட்டு, கேமராவின் மெனு மூலமாக ஃபார்மட் செய்யவும்.

பொட்டலம் கட்டும் முன் பேட்டரியைச் சார்ஜ் செய்து, தேதியையும் நேரத்தையும் சரியாக அமைத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் எல்லாப் படங்களிலும் ஏதோ ஒரு பழைய ஜனவரி 1 என்றே பதிவாகும். பின்னால் கம்ப்யூட்டரில் தேடும்போது எதுவும் அகப்படாது. பேட்டரியைப் பல நாட்கள் கழற்றி வைத்தாலும் கடிகாரம் பழைய நிலைக்குப் போய்விடும் என்பதைச் சொல்லி வையுங்கள். பில்லையும் வாரண்டி அட்டையையும் பெட்டிக்குள் வைப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் அச்சிடும் மை ஒரு வருடத்தில் மங்கிப்போகலாம்.